வெளிச்சம் உனக்கு, இருட்டு யாருக்கு?



புது பைக் வாங்கி இரண்டு மாதம் ஆவதற்குள் "லைட் பத்தல" என்று ஹெட்லைட் பல்பை மாற்றுவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. பத்தவில்லை என்பதும் பொய்யில்லை. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் காட்டு வழியில் இரவில் போனவர்களுக்குத் தெரியும். ஆனால் அதற்கு நாம் செய்யும் வைத்தியம்தான் தவறு.

பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றைப் போடுங்கள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். பல சாதாரண பைக்குகளில் 35 வாட் ஹாலஜன் பல்புதான் இருக்கும். 35-ஐ 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3 ஆம்பியர். அதே இடத்தில் 100 வாட் பல்பு போட்டால் 8 ஆம்பியருக்கு மேல். மின்னோட்டம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வயரில் உண்டாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்; அதாவது சுமார் எட்டு மடங்கு! ஹோல்டர் உருகுவதும், சுவிட்ச் கருகுவதும், டூம் உள்ளே மங்கிப்போவதும் இதனால்தான். 2017 ஏப்ரல் 1 முதல் இரு சக்கர வாகனங்களில் ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும் என்பது விதி. அப்படிப்பட்ட வண்டியில் இந்தச் சூடு பகலிலும் ஓயாது.

சரி, எல்.இ.டி. போட்டால் கரண்ட் குறைவுதானே என்பீர்கள். உண்மை. ஆனால் ஹாலஜன் டூமின் வளைவு, பல்பின் இழை எந்த இடத்தில் இருக்கிறதோ அதைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. எச்4, எச்எஸ்1 வகைப் பல்பை எடுத்துப் பாருங்கள். டிம் இழையின் அடியில் குட்டி உலோகக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் மேலே போகாமல் தடுப்பது அதுதான். மலிவான எல்.இ.டி. பல்பில் இந்த அமைப்பு சரியாக அமைவதில்லை. ஒளி நாலாபக்கமும் சிதறும். நமக்கு வெள்ளை வெளேரென்று தெரியும். எதிரே வருபவருக்குக் கண் இருண்டுவிடும். கம்பெனியே எல்.இ.டி.க்கென்று டூம் வடிவமைத்துக் கொடுத்த வண்டி வேறு விஷயம்.

50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 14 மீட்டர் ஓடுகிறது. மூன்று நொடி கண் தெரியாவிட்டால் 42 மீட்டர், அதாவது மூன்று கபடி ஆடுகள நீளத்துக்கு மேல். அந்தத் தூரத்தில் மாடு ஓட்டிக்கொண்டு வரும் பாட்டி இருக்கலாம், டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளை இருக்கலாம். அறுபதைத் தாண்டிய எங்கள் கண்ணுக்குப் பார்வை திரும்ப இன்னும் நேரமாகும்.

அப்படியானால் என்னதான் செய்வது?

முதலில் கண்ணாடியைத் துடையுங்கள். மஞ்சள் பூத்த டூமை மாற்றுங்கள். பேட்டரி முனையிலும் ஹோல்டரிலும் துரு இருந்தால் சுத்தம் செய்யுங்கள். பாதி மங்கலுக்கு இவைதான் காரணம். பிறகு அதே வாட்டில் நல்ல கம்பெனி பல்பு போடுங்கள். அதன் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள், கை எண்ணெய் பட்ட இடம் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும். அதற்கும் போதவில்லையென்றால், பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வைத்துத் தனி வயர் இழுக்கச் சொல்லுங்கள். வழியில் வீணாகும் வோல்டேஜ் பல்புக்கே கிடைக்கும். பழைய வண்டிகள் சிலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் எரியாது, நேராக மேக்னட் காயில் கரண்டில் எரியும். அதனால் தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு பரிசோதனை. சமதரையில் சுவருக்கு 8 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, ஒருவரை ஏறி உட்காரச் சொல்லுங்கள். ஹெட்லைட்டின் மைய உயரத்தைச் சுவரில் கோடு போடுங்கள். டிம்மில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதியும் இதே 8 மீட்டரைத்தான் சொல்கிறது: அந்தத் தூரத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது.

ஹெட்லைட் கண்ணாடி நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய காலம் பலருக்கு நினைவிருக்கும். இன்று அதையும் காணோம். ஹெல்மெட் சோதனை நடக்கும் இடத்தில் ஹெட்லைட்டையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை காத்திருக்க வேண்டாம். எதிரே வண்டி வந்தால் டிம் அடியுங்கள். அதற்குக் காசு செலவில்லை, கட்டைவிரல் அசைந்தால் போதும்.