மருந்துப் பைக்குள் ஒரு புத்தகம்

காலை ஆறு மணி. மதுரையில் ஒரு வாடகை வீட்டின் குளியலறை வாசலில் அம்மாவும் ஏழு வயது மகனும் குனிந்து நிற்கிறார்கள். அம்மாவின் விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஸ்ட்ரிப். மகனின் முதல் சிறுநீரில் அதை நனைத்தாயிற்று. கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால் அன்றைக்கு எல்லார் வீட்டையும் போல ஒரு நாள். பச்சை ஏறினால் புரதம் கசிகிறது என்று அர்த்தம்.

"மஞ்சதாம்மா. நான் போய் எழுதட்டா?"

நோட்டில் தேதி போட்டு 'நில்' என்று எழுதுவது அவன் வேலை. அதே நோட்டைத் தலைகீழாகத் திருப்பினால் கடைசிப் பக்கத்திலிருந்து வேறொரு பட்டியல் ஓடுகிறது. இந்த ஒன்றரை வருடத்தில் அம்மா படித்த புத்தகங்கள்.

"ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணுன்னு எதுக்கு ரெண்டு நோட்டு? தொலைஞ்சா ரெண்டும் சேர்ந்தே தொலையட்டும்" என்கிறார் அவர்.

மகனுக்கு இருப்பது நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். சிறுநீரகத்தின் வடிகட்டி கசிந்து, உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் போய்விடும். உடம்பு நீர் கோத்து வீங்கும். பெரும்பாலும் சின்னக் குழந்தைகளுக்கு வருவது. முதலில் காலையில் கண் இமைதான் வீங்கியது. பூச்சி கடித்திருக்கும் என்றார்கள், கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டார்கள். கால் வீங்கிய பிறகுதான் சிறுநீரைப் பரிசோதித்தார்கள். ஸ்டீராய்டு மாத்திரைக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் மாத்திரையைக் குறைத்து நிறுத்தினால், ஒரு சளிக் காய்ச்சலோடு அது திரும்பி வரும். மூன்று பிளஸ் தொடர்ந்து மூன்று நாள் காட்டினால் உடனே கூப்பிட வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. வளர வளரப் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குறைந்துவிடும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அந்த 'பெரும்பாலான' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் குடும்பம் ஓடுகிறது.

இது போதாது என்று போன தீபாவளிக்கு முந்தின வாரம் அம்மாவின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை தூக்க வரவில்லை, பேச்சு குழறியது. கோவில்பட்டியில் தனியாக இருந்தவரை மதுரைக்கு அழைத்து வந்துவிட்டார்கள்.

வீட்டில் பிளவுஸ் தைப்பவர் இந்த அம்மா. மீதித் துணியில் அவரே தைத்த பைதான் ஆஸ்பத்திரிப் பை. ஃபைல், தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா, ஒரு புத்தகம்.

போனிலேயே படிக்கலாமே என்று கேட்காதவர் இல்லை. (இதைப் போனில் படித்துக்கொண்டிருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) போனுக்குள்தான் லேப் ரிப்போர்ட் வருகிறது, "இப்ப எப்படி இருக்கான்?" என்று சொந்தக்காரர்களின் அழைப்பு வருகிறது, அதைவிட மோசமாகத் தேடும் கட்டம் ஒன்று இருக்கிறது. முதல் மாதம் ஒரு ராத்திரி நோயின் பெயரைத் தட்டப்போய், இரண்டு மணி வரை சிறுநீரக மாற்று அறுவைசிகிச்சை படங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "அங்க தேடாதீங்கம்மா. என்கிட்ட கேளுங்க."

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி நாள் என்றால் காகிதப் புத்தகம்தான்.

ஆரம்பம் தோல்வி. நிறைய நேரம் கிடைக்கும் என்று நம்பி 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தை எடுத்துப் போனார். வீராணம் ஏரிக்கரையில் குதிரையேறி வந்த வந்தியத்தேவன் நாலு நாளாகியும் அந்தக் கரையை விட்டு நகரவில்லை. ஒரு பக்கம் முடிவதற்குள் சிஸ்டர் கூப்பிடுவார், மகன் தண்ணீர் கேட்பான், திரும்பி வந்தால் முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நேரம் நிறைய இருக்கிறது. துண்டு துண்டாகத்தான் இருக்கிறது.

அப்போது கைகொடுத்தவர் துப்பறியும் சாம்பு. பக்கத்துக் கட்டில் பாட்டி யாரோ விட்டுப்போன பழைய பிரதியை நீட்டினார். 1957-ல் மறைந்த தேவன் எழுதியது. பேங்கில் குமாஸ்தாவாக இருந்து வேலை போன அசட்டு மனிதர், தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே குற்றவாளியைப் பிடித்துவிடுகிறார். ஊர் அவரை மேதை என்கிறது. ஒவ்வொரு கதையும் தனித்தனி. ரத்தம் எடுக்க வரிசையில் நிற்கும் நேரத்துக்குள் ஒன்றை முடித்துவிடலாம். சாம்பு எதிலோ தடுக்கி விழுந்த இடத்தில் அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட, வார்டே திரும்பிப் பார்த்தது. பிள்ளை இப்படிக் கிடக்கும்போது சிரிக்கிறாளே என்று யாராவது நினைப்பார்களோ என்று முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். மகன்தான் கையை இழுத்தான். "என்னம்மா? எனக்கும் சொல்லு." பட்டியலில் அந்தப் புத்தகத்துக்கு நேரே இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கிறார்.

மகனுக்குப் பிடித்தது வேறு. இரண்டாவது முறை உடம்பு அதிகமாக வீங்கி, அல்புமின் ஏற்ற அட்மிட் செய்திருந்தார்கள். ஊசி நழுவாமல் இருக்கக் கையில் அட்டை வைத்துக் கட்டியிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அழுவான். அப்பா தன் பழைய பெட்டியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி' ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த அதே மாயாவி. இரும்புக் கையில் மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைந்துவிடும். அட்டை கட்டிய கை இரும்புக் கை ஆனது. டியூட்டி டாக்டர் வந்தால் போர்வைக்குள் மறைந்துவிடுவான். ஊசி போடத் தேட வேண்டியிருந்தது என்று சிஸ்டர்கள் அலுத்துக்கொண்டார்கள்.

பட்டியலில் மூன்று நட்சத்திரம் வாங்கிய ஒரே புத்தகம் 'டோட்டோ-சான்'. மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், குழந்தைகள் பகுதியில் மகன் மீன் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் கண்ணில் பட்டது. ஜப்பானில் 1981-ல் டெட்சுகோ குரோயாநாகி தன் குழந்தைப் பருவத்தைப் பற்றி எழுதியது. தமிழிலும் பல வருடங்களாகக் கிடைக்கிறது. ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருந்த டோமோயி என்ற பள்ளியின் கதை.

அதில் சாப்பாட்டு நேரம் ஒன்று வருகிறது. தலைமையாசிரியர் கோபயாஷி, எல்லாப் பிள்ளைகளும் டப்பாவில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் கொண்டுவர வேண்டும் என்பார். இரண்டில் ஒன்று இல்லாத டப்பாவுக்கு அவர் மனைவி பாத்திரத்திலிருந்து எடுத்துப் போடுவார். இந்த இடத்தில் அம்மா புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தார். அந்த வாரம் முழுக்க வீட்டில் சண்டையே சாப்பாட்டில்தான். வீக்கம் இருக்கும்போது உப்பைக் குறைக்க வேண்டும்; அப்பளம், ஊறுகாய், சிப்ஸ் எதுவும் கூடாது. ஸ்டீராய்டோ அகோரப் பசியைக் கிளப்பும். கன்னம் உப்பிப்போய், ஸ்கூலில் 'பன்னு' என்று கூப்பிடுகிறார்கள். டப்பாவைத் திறக்கவே கூச்சப்பட்டு அப்படியே கொண்டுவந்துவிடுகிறான்.

"நம்மளும் கடலும் மலையும் வைப்போமாடா?"

"கடல்ல இருந்து வர்றதுல உப்பு இருக்குமேம்மா?"

பேச்சுவார்த்தை நடந்து, 'கொஞ்சம் கண்மாய், கொஞ்சம் தோட்டம்' என்று முடிவானது. கண்மாய் கெண்டை கிடைக்கிற நாளில் உப்பு குறைத்து ஒரு துண்டு. கிடைக்காத நாளில் கண்மாய்க்கரை முருங்கைக் கீரையையே கண்மாயாக வைத்துக்கொள்ள வேண்டியது. தினமும் டப்பா காலியாகவில்லை. பாதி நாள் காலியானது.

பிறகு வந்தது மூன்றாவது முறை. வார்டில் ராத்திரிக்கு ஒரு அத்தியாயம் என்று 'டோட்டோ-சான்' வாசிப்பு நடந்தது. போலியோவால் கால் பாதித்த யாசுவாகி-சானை டோட்டோ-சான் ஏணி வைத்துத் தன் மரத்தில் ஏற்றிவிடுகிற இடத்தை மகன் மூன்று தடவை கேட்டான். அவன் தூங்கிய பிறகு முன்னால் புரட்டிப் பார்த்தபோதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது, யாசுவாகி-சான் இறந்துவிடுகிறான்.

அந்த அத்தியாயத்தைத் தாண்டிப் படித்தார். இரண்டு ராத்திரி போனது. மூன்றாவது ராத்திரி மகன் கேட்டான், "யாசுவாகி ஏன் இப்ப வரவே மாட்டேங்கிறான்?"

"ஊருக்குப் போயிட்டான்."

அவன் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தான். அன்று மத்தியானத்திலிருந்து அது காலியாக இருந்தது. அதில் இருந்த பையனோடு நாலு நாளாக இரும்புக்கை விளையாட்டு விளையாடியவன். "அந்த அண்ணனும் ஊருக்குப் போயிட்டானா?"

அம்மாவுக்கு அதற்குப் பதில் தெரியாது. "தெரியலடா. கேட்டு வந்து சொல்றேன்" என்று எழுந்து போனார். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள், சென்னைக்கு ஆம்புலன்சில் போயிருக்கிறான் என்றார் சிஸ்டர். திரும்பி வந்து அதை அப்படியே சொன்னார். பிறகு விட்டுப்போன அத்தியாயத்தை எடுத்து, நிறுத்தாமல் படித்தார்.

மகன் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு இருக்கறதும் அந்த மாதிரியா?" என்றான்.

"இல்ல. அது வேற நோவு. உன்னுது வரும், மாத்திரை போட்டா போகும், திரும்ப வந்தாலும் வரும். டாக்டர் என்கிட்ட சொன்னதைத்தான் சொல்றேன். இனிமே அவர் என்ன சொன்னாலும் உனக்கும் சொல்லிடறேன், சரியா?"

'நில்' எழுதும் வேலையை அவன் கேட்டு வாங்கிக்கொண்டது அடுத்த வாரம்தான். அதுவரை நோட்டை அவன் கண்ணில் படாமல் அலமாரி மேல் வைத்திருந்தார்கள்.

தாத்தாவின் கதை கொஞ்சம் வேறு. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு எல்லாம் புரிந்தது, வார்த்தைதான் வரவில்லை. வராத கோபத்தில் பேசுவதையே விட்டுவிட்டார். எதைக் கேட்டாலும் நொட்டாங்கையை வீசி 'போ' என்பார். மகள் கி.ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'யை எடுத்துவந்து, பிளவுஸுக்கு ஹுக் வைக்கும் நேரம் போக மீதி நேரத்தில் சத்தமாகப் படித்தார். கி.ரா.வின் இடைசெவல் கோவில்பட்டிக்குப் பக்கம். தாத்தா சைக்கிளில் போய்வந்த மண்.

நாலைந்து நாள் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். ஒரு நாள் ஒரு வட்டார வார்த்தையை மகள் பள்ளிக்கூடத் தமிழாக இழுத்துப் படித்ததும் கட்டிலைத் தட்டினார். "அ... அப்பிடி இல்ல." சரியான உச்சரிப்பைச் சொல்ல மூன்று முறை முயன்றார். மூன்றாவது முறை வந்தது. மகள் படிக்கத் தொடங்க, மறுபடி தட்டினார். கோவில்பட்டியை விட்டு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது, நாக்கு மதுரையாகிவிட்டது என்று மகளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது வேண்டுமென்றே ஒன்றிரண்டு வார்த்தையைத் தப்பாகப் படிக்கிறார். தாத்தாவுக்கு அது தெரியும் என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தேகம்.

பட்டியலில் பாதியில் நிற்கும் ஒரு புத்தகமும் உண்டு. நல்லெண்ணத்தில் ஒரு உறவுக்காரப் பெண் கொண்டுவந்து கொடுத்தது, பால் கலாநிதியின் 'வென் பிரெத் பிகம்ஸ் ஏர்'. நுரையீரல் புற்றுநோய் வந்த மூளை அறுவைசிகிச்சை மருத்துவர், தன் கடைசி நாட்களில் எழுதியது. அவர் 2015-ல் இறந்து, மறு வருடம் வெளியானது. அருமையான புத்தகம் என்று சொல்லாதவர் கிடையாது. ஆனால் வார்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய்க்கு அதைக் கொடுப்பது, பசித்தவருக்கு வேப்பம்பூ ரசத்தை மட்டும் பரிமாறுகிற மாதிரி. அவர் நன்றி சொல்லி வாங்கிப் பையின் அடியில் வைத்தார். நாலு மாதம் தொடர்ந்து 'நில்' வந்த பிறகு ஒரு மத்தியானம் எடுத்தார். அகராதி ஆப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் போகிறது. கலாநிதிக்குக் குழந்தை பிறக்கிற இடம் வரை வந்திருக்கிறார். அங்கேயே ஒரு நூலைச் செருகி வைத்திருக்கிறார்.

புதன்கிழமை ரிவியூ. ஃபைல் எடுத்தாயிற்று, தண்ணீர் பாட்டில் எடுத்தாயிற்று, டப்பாவுக்கு உப்பு குறைத்த புளியோதரை. தாத்தாவையும் அதே நாளில் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக ஆட்டோ சொல்லியிருக்கிறது. எந்தப் புத்தகம் என்பதில்தான் தகராறு. மகனுக்கு மாயாவி வேண்டும். ஆட்டோவில் அதைத் தானே தாத்தாவுக்கு வாசித்துக் காட்டப்போவதாகச் சொல்கிறான். இரண்டாம் வகுப்புப் பையன், எழுத்துக்கூட்டித்தான் படிப்பான்.

"சீ... சீக்கிரம் படிக்கணும்" என்கிறார் தாத்தா.

"நீங்க மட்டும் சீக்கிரம் பேசுறீங்களாக்கும்?"

அம்மா இரண்டு புத்தகத்தையும் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். அது மூடவில்லை. டப்பாவை வெளியே எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.