சொல்லாமல் விட்ட மாத்திரை

புதுச்சேரிப் பள்ளிக்கூடக் கதையை இந்த வாரம் தொடர்வதாகச் சொல்லியிருந்தேன். அது காத்திருக்கட்டும். எழுபதைத் தொட்ட ஆண்கள் சிலர் இங்கே வாசிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். உங்கள் வீட்டம்மாவும் படித்தால் நல்லது.

போன மார்கழியில் ஒரு காலை. நானும் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரும் நடந்து முடித்து, தர்மபுரியில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். மருமகள் காபி கொண்டுவந்தாள். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குளிரிலும் வேர்த்துக் கொட்டியது. எனக்கு ஸ்டென்ட் வைத்து ஆறு வருடம். சட்டைப் பையில் சார்பிட்ரேட் எப்போதும் இருக்கும். என் மருந்தை இன்னொருவருக்குக் கொடுப்பதே தப்பு என்று அப்போது தோன்றவில்லை.

"வாத்தியாரே, நாக்குக்கு அடியில வைங்க" என்றேன்.

"வேணாம் சார்" என்று வாயை இறுக்கிக்கொண்டார். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. மருமகள் பக்கம் மட்டும் ஒரு பார்வை.

108 வந்தது. வண்டிக்குள் என் காதருகே சொன்னார்: "நேத்து ராத்திரி அந்த மாத்திரை போட்டேன் சார். சார்பிட்ரேட்டோட சேரக் கூடாதுன்னு எங்கயோ படிச்ச ஞாபகம்."

ஆஸ்பத்திரியில் இறங்கியதும் டியூட்டி டாக்டரிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, நைட்ரேட் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லி, வேறு மருந்துகளைத் தொடங்கினார். வாத்தியார் பிழைத்தார். ஆனால் அவர் மயங்கியிருந்தால் யார் சொல்லியிருப்பார்கள்?

நான் டாக்டர் இல்லை, குமாஸ்தா. எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஆசை எழும்போது நரம்புகள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடுகின்றன. அதனால் ஆணுறுப்பின் ரத்தக் குழாய்கள் தளர்ந்து, ரத்தம் நிறைகிறது. பிறகு பிடிஇ-5 என்ற நொதி வந்து அதை முடித்து வைக்கிறது. ஏரி மதகைத் திறப்பவன் ஒருவன், அடைப்பவன் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில்டனாஃபில், டடலாஃபில் மாத்திரைகள் அடைப்பவனுக்கு லீவு கொடுத்துவிடுகின்றன. திறப்பவனை அவை அழைத்து வருவதில்லை. ஆசை இல்லாத இடத்தில் மாத்திரைக்கு வேலை இல்லை.

சார்பிட்ரேட் என்ன செய்கிறது? உடம்பு முழுக்க மதகு திறப்பவர்களைக் கூட்டமாக அனுப்புகிறது. அடைப்பவன் லீவில். ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று சரிந்து உயிரே போகலாம். சில்டனாஃபில் போட்டால் குறைந்தது 24 மணி நேரமும், டடலாஃபில் போட்டால் 48 மணி நேரமும் நைட்ரேட் பக்கம் போகக் கூடாது. என்னைப்போல் சார்பிட்ரேட் வைத்திருப்பவர்களுக்கு இந்த மாத்திரைகளே ஆகாது.

இதில் ஒரு வேடிக்கை. டைனமைட் செய்த ஆல்ஃபிரட் நோபலுக்குக் கடைசிக் காலத்தில் நெஞ்சுவலி. டாக்டர்கள் எழுதிக் கொடுத்தது நைட்ரோகிளிசரின். மக்கள் மிரளாதிருக்க அதற்கு பிரெஞ்சில் த்ரினித்ரின் என்று பெயர். நைட்ரிக் ஆக்சைடு ரத்தக் குழாய்களில் செய்யும் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசே கிடைத்தது. அதே வருடம்தான் அமெரிக்காவில் சில்டனாஃபில் விற்பனைக்கு வந்தது. அதுவும் முதலில் நெஞ்சுவலிக்கென்று சோதிக்கப்பட்ட மருந்துதான்.

வாத்தியார் மாத்திரையைச் சீட்டில்லாமல்தான் வாங்கியிருந்தார். எடுத்த எடுப்பிலேயே 100 மில்லிகிராம். 65 தாண்டியவர்களுக்குப் பொதுவாக 25-இல் தொடங்குவார்கள். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. புராஸ்டேட்டுக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தலைவலி, முகம் சிவப்பது, மூக்கடைப்பு பெரும்பாலும் தானே போய்விடும். திடீரென்று பார்வையோ காதோ மங்கினாலும், விறைப்பு நாலு மணி நேரம் தாண்டினாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

டாக்டரிடம் போகக் கூச்சப்படுகிறவர்கள் எங்கே போகிறார்கள்? லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியரிடம். பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் அவர்கள் நோட்டீஸைப் பாருங்கள். இப்படி விளம்பரம் செய்வது 1954-ஆம் வருடச் சட்டப்படியே குற்றம். சுவருக்குச் சட்டம் தெரியவில்லை. மூலிகை என்று சொல்லி விற்ற பொடிகளில் சில்டனாஃபில் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துத் துறை பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. அதைத் தின்றவர் மருத்துவரிடம் "இங்கிலீஷ் மருந்து எதுவும் சாப்பிடலை" என்றுதானே சொல்வார்?

எழுபதில் எதற்கு இதெல்லாம் என்று என் மகனே கேட்பான். அவனுக்கு என் பதில்: அது வாத்தியாருக்கும் அவர் மனைவிக்கும் உள்ள விஷயம். இன்னொன்றும் உண்டு. அந்த உறுப்பின் ரத்தக் குழாய் இதயத்தினதைவிடச் சிறியது, அதனால் முன்னதாக அடைபடும். விறைப்புக் குறைவது, மாரடைப்புக்குச் சில வருடங்கள் முன்பே வரும் எச்சரிக்கையாக இருக்கலாம். வாத்தியாருக்குச் சர்க்கரை பன்னிரண்டு வருடமாக. நாலு வருடமாக இந்தக் குறை. மாதாமாதம் டாக்டரைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டரும் கேட்கவில்லை. அவர் கேட்டிருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

நான் மட்டும் என்ன வீரனா? பிரெஞ்சில் கூசாமல் சொல்கிற வார்த்தையைத் தமிழில் எழுத இந்தப் பக்கத்தை மூன்று முறை அழித்தேன்.

எழுதட்டுமா என்று வாத்தியாரிடம் கேட்டேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். போடவில்லை.