அறங்காவலரும் அறமன்றமும்

பெசன்ட் நகர்க் கடற்கரையில் எழுந்தருளியுள்ள அஷ்டலக்ஷ்மியை நாள்தோறும் சேவிக்கும் அன்பர் ஒருவர் கேட்கிறார்: "காணிக்கையை எப்படிச் செலவிடுவது என்பது அறங்காவலர் பொறுப்பு. அதில் நீதிமன்றம் தலையிடுவது முறையாகுமா?"

நம்மில் பலருக்கும் உள்ள ஐயம்தான் இது. விடை காணுமுன், அக்காணிக்கை யாருடையது என்று தெளிதல் வேண்டும். தனலக்ஷ்மியின் திருவடியில் வைத்த கணமே அது நம்முடையதன்று, அறங்காவலருடையதும் அன்று, அரசினுடையதும் அன்று. அது தெய்வத்தின் உடைமை. நம் நாட்டுச் சட்டமும் அவ்வாறே கொள்கிறது. ஆயினும், தெய்வம் நேரில் வந்து கணக்குக் கேட்பதில்லை. ஆதலால், சிறார் சொத்தைக் காப்பதுபோல் தெய்வத்தின் சொத்தைக் காக்கும் கடமையை நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன.

தமிழ்நாட்டின் 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைப் பேணும் கவனத்துடன் கோயில் பொருளை அறங்காவலர் பேண வேண்டும் என்கிறது. அக்கவனத்துக்கு உட்பட்டு அவருக்கு உரிமையும் உண்டு. தேரை முதலில் செப்பனிடுவதா, மடைப்பள்ளியைப் புதுப்பிப்பதா என்பதை அவரே தீர்மானிக்கலாம். அவர் இருக்கையில் நீதிபதி அமர்வதில்லை. அம்முடிவு சட்டம் தந்த அதிகாரத்துக்குள் எடுக்கப்பட்டதா, காணிக்கையின் நோக்கத்துக்கு இசைந்ததா, தன்னலம் கலவாததா என்பவற்றையே நீதிமன்றம் வினவும்.

அண்மைக் கால வழக்குகள் இரண்டு இதை விளக்கும். 2021-இல், கோயில்களில் பயன்பாடின்றி இருந்த காணிக்கைத் தங்கத்தை உருக்கி வங்கியில் வைப்பாக வைக்க அரசு முனைந்தது. அறங்காவலர் நியமனம் ஆகாமல் உருக்குவது பற்றி முடிவெடுக்கலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு அக்டோபரில் தெரிவித்தது. அங்கே நீதிமன்றம் காத்தது அறங்காவலரின் உரிமையையே. 2025 ஆகஸ்டில், கோயில் நிதியில் திருமண மண்டபங்கள் கட்டுவதற்கான அரசாணைகளை மதுரைக் கிளை நீக்கியது. வாடகைக்கு விடும் மண்டபம் சமயப் பணியாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அங்கே காக்கப்பட்டது அடியார் கொடுத்த பொருளின் நோக்கம்.

இவ்வாறு கணக்குக் கேட்பது நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர் வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்று விதிக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கோயிற் சுவரிலேயே வெட்டி வைத்த விதி அது. சிவன் சொத்து குலநாசம் என்று நம் பாட்டிமார் சொல்லி வளர்த்ததும் அதே அச்சத்தால்தான்.

எனவே, அறமன்றத்தை நாடுவது தெய்வ நிந்தையாகாது. ஆயினும், அது கடைசிப் படி. அதற்கு முன் நாம் செய்யக்கூடியவை உண்டு. அன்னதானத்துக்கோ திருப்பணிக்கோ கொடுக்கும்போது, இன்ன காரியத்துக்கு என்று ரசீதில் எழுதச் சொல்லிப் பெற்றுக்கொள்க. ஐயம் எழுந்தால், முதலில் அறங்காவலரிடமே பணிவுடன் கேட்டறிக. நேர்மையான அறங்காவலர் அக்கேள்வியால் வருந்த மாட்டார். தம் தூய்மைக்குச் சாட்சி கிடைத்ததென மகிழ்வார். பொருளைச் சமர்ப்பித்ததோடு நம் கைங்கரியம் முடிந்துவிடவில்லை. அது சேர வேண்டிய இடம் சேர்ந்ததா என்று பார்ப்பதும் அவள் திருவடித் தொண்டே.