அடைப்புக்குள் கிடந்த சைக்கிள்

இந்த இதழுக்கு வந்த ஒரு சிறுகதை இப்படித் தொடங்கியது: "என் சித்தப்பா (அப்பாவின் கடைசித் தம்பி) கும்பகோணத்தில் (அப்போது அங்கேதான் வேலை) ஒரு சைக்கிள் (பழையது, சாகும்வரை விற்கவில்லை) வாங்கினார்." முதல் பத்தியில் மட்டும் பதினோரு அடைப்புகள். எழுதியவருக்கு மொழி நன்றாகவே கைவருகிறது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் வாசகரை நிறுத்தி, காதோடு ஒன்று சொல்லிவிட்டுத்தான் மேலே நகர விடுகிறார்.

அவர் ஒருவருடைய பழக்கம் என்று இதை விட்டுவிட முடியவில்லை. எங்களுக்கு வரும் கட்டுரை, மதிப்புரை, கடிதம் எல்லாவற்றிலும் குறிகள் மண்டிக் கிடக்கின்றன. 'மாணவர்(கள்)' என்கிறார்கள். முடிக்க மனம் வராத வாக்கியத்துக்கெல்லாம் மூன்று புள்ளி. 'அம்மா போய்விட்டாள்' என்பதற்குப் பின்னால் மூன்று வியப்புக்குறி வைத்த கவிதை ஒன்றும் வந்தது. அந்த இரண்டு சொற்களும் தனியாக நின்றிருந்தால் நெஞ்சை அடைத்திருக்கும்.

இந்தக் குறிகள் இல்லாமலே நெடுங்காலம் நடந்த மொழி தமிழ். ஓலையில் மெய்யெழுத்துக்கே பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணி அழுந்தினால் ஓலை கிழியும். காற்புள்ளியும் அடைப்பும் அச்சோடு வந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரின் உரைநடையும் பதிப்புகளும் அவற்றுக்கு இங்கே ஓர் ஒழுங்கைக் கொடுத்தன. அதற்கு முன்பு அந்த வேலையைச் சொற்களே பார்த்தன. உரையாசிரியர்கள் கருத்து முடிகிற இடத்தில் 'என்க' என்றும் 'என்றவாறு' என்றும் எழுதினார்கள். ஏகாரத்துக்கு ஆறு பொருள், ஓகாரத்துக்கு எட்டு என்று நன்னூல் எண்ணிச் சொல்கிறது. 'அவனா வந்தான்', 'அவன் வந்தானா' என்ற இரண்டிலும் கேள்வி எங்கே விழுகிறது என்பதை ஆகாரமே காட்டிவிடும். இடையில் செருக நினைப்பதைச் சுமக்க எச்சங்கள் இருக்கின்றன. அந்தக் கதையின் வரியையே, "அப்பாவின் கடைசித் தம்பியான சித்தப்பா கும்பகோணத்தில் வேலை பார்த்தபோது பழைய சைக்கிள் ஒன்று வாங்கினார்" என்று எழுதிப் பாருங்கள். ஒரே மூச்சில் வாசிக்க முடிகிறது.

குறிகளே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எண்பதுகளில் அமைப்பியல் பற்றிய விவாதங்கள் சிற்றிதழ்களில் நடந்தபோது, புதிய கலைச்சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை அடைப்பில் தருவது வாசகருக்குப் பிடிமானமாக இருந்தது. அந்தச் சொற்கள் புழங்கிப் பழகி நாற்பது ஆண்டாகியும் அடைப்பு கூடவே வருவதுதான் சலிப்பூட்டுகிறது.

எங்களை உண்மையாகவே வருத்துவது வேறொன்று. 'இந்தக் கவிஞர்(?)' என்று எழுதுகிறார்கள். ஒருவரைக் கவிஞர் இல்லை என்று கருதினால் அதை ஒரு வாக்கியமாக எழுதிக் காரணம் சொல்ல வேண்டும். கேள்விக்குறியை அடைப்புக்குள் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டால், எழுதப்பட்டவர் எதற்குப் பதில் சொல்வார்? விமரிசனத்தைப் பேணி வளர்த்த சிற்றிதழ் மரபில் இதைக் காண்பது கூடுதல் வேதனை. இனி வரும் மதிப்புரைகளில் இப்படி ஒரு குறி இருந்தால், அந்த இடத்தில் காரணத்தை எழுதித் தருமாறு கேட்டுத் திருப்பி அனுப்புவோம்.

சிறுகதை எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்தோம். சாகும்வரை சித்தப்பா ஏன் அந்தச் சைக்கிளை விற்கவில்லை என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, அரை மணி நேரம் அதைப் பற்றித்தான் பேசினார். சித்தி அதன் பின்னிருக்கையில் உட்கார்ந்துதான் முதன்முதலில் அந்த ஊருக்குள் வந்தாராம். இதைக் கதையில் எழுதவில்லையே என்றோம். "அதான் அடைப்புல போட்டிருந்தேனே" என்றார். திருத்தி எழுதிய கதை இந்த இதழில் வெளியாகிறது. சித்தியின் அந்தப் பயணத்திலிருந்து தொடங்குகிறது.