பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறீர்களா?

இரண்டே கதவு. தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. எஞ்சினைக் கிளப்பினால் புலி உறுமுவது போல் ஒரு சத்தம்.

ஸ்போர்ட்ஸ் கார் மீது ஆசைப்படாத வாலிபர் யார்? புதிதாக வாங்க வேண்டும் என்றால் ஒரு வீடு வாங்கும் பணம் வேண்டும். ஆனால் ஏழெட்டு வருடம் ஓடிய கார், பல சமயம் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. அதனால் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது அந்தப் பக்கம் போகிறார்கள். சீட்டு எடுத்த பணம், அப்பாவின் ஓய்வுப் பணம், பாங்கிக் கடன் எல்லாம் சேர்ந்து ஒரு காராக மாறி வாசலில் வந்து நிற்கிறது.

ஆசைப்படுவது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளமான சோழவரத்தில் கார்ப் பந்தயம் பார்க்க ஊரே திரண்டது உண்டு. இன்றும் இருங்காட்டுக்கோட்டையிலும், கோவையை அடுத்த செட்டிபாளையத்திலும் பந்தயத் தளங்கள் இருக்கின்றன. வேகத்தின் மேல் ஆசை நமக்குப் புதிது அல்ல. ஆனால் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பார்க்க வேண்டியதைப் பார்ப்பது இல்லை. அதுதான் என் குறை.

கடைக்காரர் சொல்வது

பழைய கார் கடைக்குப் போனால் முதலில் என்ன சொல்வார்கள்?

"சார், இது ஃபுல் ஆப்ஷன்! கண்ணாடிக் கூரை இருக்கிறது. தோல் சீட் இருக்கிறது. இருபது அங்குலச் சக்கரம் பாருங்கள். பாட்டுப் பெட்டி மட்டும் ஒரு லட்சம்!"

வாலிபர் மயங்கி விடுகிறார். உள்ளே ஏறி உட்காருகிறார். முன்பணம் கொடுத்து விடுகிறார்.

நான் சொல்வது இதற்கு நேர் எதிர். சீட்டைப் பிறகு பாருங்கள். முதலில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். எஞ்சினின் சக்தி எந்தச் சக்கரத்துக்குப் போகிறது? எந்த மாதிரிக் கியர் பெட்டி வழியாகப் போகிறது?

ஏன்? சீட் பிடிக்காவிட்டால் மாற்றலாம். பாட்டுப் பெட்டியை நாளைக்கே கழற்றி எறியலாம். முன் சக்கரம் இழுக்கும் காரைப் பின் சக்கரம் தள்ளும் காராக மாற்ற முடியாது. வாங்கிய அன்று எப்படியோ, விற்கும் நாள் வரை அப்படியேதான்.

மாட்டு வண்டியும் சைக்கிளும்

மாடு வண்டியை முன்னால் நின்று இழுக்கிறது. சைக்கிளில் சங்கிலி பின் சக்கரத்தைச் சுற்றுகிறது. கார்களிலும் இந்த இரண்டு வகை உண்டு. நான்கு சக்கரமும் சேர்ந்து ஓட்டும் மூன்றாவது வகையும் உண்டு.

நம் தெருவில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன் சக்கர வகை. செலவு குறைவு, உள்ளே இடமும் அதிகம். குடும்பக் காருக்கு அதுவே போதும். ஆனால் எஞ்சின் பலம் கூடக் கூட ஒரு சங்கடம் வருகிறது. காரை இழுப்பதும் அதே சக்கரம், திருப்புவதும் அதே சக்கரம். ஒரே ஆளிடம் இரண்டு வேலை! ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும்.

பின் சக்கர வகையில் முன் சக்கரம் திருப்புகிறது, பின் சக்கரம் தள்ளுகிறது. பஸ் திடீரென்று கிளம்பினால் நிற்பவர்கள் பின்னால் சாய்கிறார்கள் அல்லவா? காரின் பாரமும் அப்படித்தான் பின்னால் போகிறது. பின் சக்கரம் சாலையை அழுத்திப் பிடிக்கிறது. நல்ல ஸ்போர்ட்ஸ் கார்களில் பல இந்த வகையாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஜப்பானின் மாஸ்டா எம்.எக்ஸ்.-5 என்ற கார் 1989-ல் வந்தது. எஞ்சின் 1,600 சி.சி.தான். எடை ஒரு டன்னுக்கும் சற்றுக் குறைவு. பின் சக்கர ஓட்டம், கையால் போடும் கியர், கையாலேயே மடக்கும் துணிக் கூரை. அவ்வளவுதான்! 2016-க்குள் பத்து லட்சம் கார்கள் செய்து விட்டார்கள். இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகத்திலேயே அதிகம் விற்றது இதுதான். அந்தக் கம்பெனி இதை நம் நாட்டில் விற்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

பின் சக்கர வகையில் ஆபத்து இல்லையா? உண்டு. மழை ஈரத்தில், வளைவில், ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால் காரின் வால் வெளியே வழுக்கும். பழகாதவர் பயந்து பிரேக்கை மிதிப்பார். கார் பம்பரமாகச் சுற்றி விடும்.

நான்கு சக்கரமும் வேண்டுமா?

"அப்படியானால் நான்கு சக்கர வகையே பத்திரம் அல்லவா?" என்று கேட்பீர்கள்.

ஜெர்மனியின் ஆடி கம்பெனி 1980-ல் குவாட்ரோ என்ற காரைக் காட்டியது. சேற்றிலும் பனியிலும் நடந்த பந்தயங்களில் அது வெற்றி மேல் வெற்றி பெற்றது. 1963-ல் பிறந்த போர்ஷே 911 பின் சக்கரக் கார். அதற்கும் 1989-ல் நான்கு சக்கர வகை ஒன்று வந்தது. பெயர் கரேரா-4. சாலையில் பனி உறையும் நாட்டில் அது உண்மையிலேயே பெரிய உதவி.

நமக்குப் பனி எங்கே? மார்கழி மாதத்து ஊட்டி உறைபனிக்காக இத்தனை செலவா?

மழைக்கு ஆகும் என்பார்கள். ஈரத் தரையில் கார் கிளம்புவதற்கு ஆகும். நிற்பதற்கு ஆகாது! எல்லாக் கார்களுக்கும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. காரை நிறுத்துவது டயரின் பிடிப்பு. நான்கு சக்கர ஓட்டத்தை நம்பி வேகமாகப் போனவர், நிறுத்த வேண்டிய நேரத்தில் மற்றவர்களைப் போலவே வழுக்குகிறார்.

செலவும் பாருங்கள். 911-ல் இந்தக் கூடுதல் பாகங்களின் எடை பல மாடல்களில் சுமார் 50 கிலோ. அவற்றுக்குத் தனி எண்ணெய் உண்டு. ஒரு டயர் வெடித்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றி ஒப்பேற்ற முடியாது. நான்கும் ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னையும் பின்னையும் இணைக்கும் இயந்திரம் பாழாகும்.

ஆகவே, ஒரே வருடத்துக் கார்கள் இரண்டு நின்றால், நம் ஊருக்குப் பின் சக்கரக் காரையே வாங்கச் சொல்வேன். மீதிப் பணத்தில் நல்ல டயர் போடலாம்.

கியர் பெட்டி

என் ஓட்டு கையால் போடும் கியருக்கு. பழைய காரில் அதற்கு ஒரு தனி லாபம் உண்டு. கிளட்ச் தேய்ந்தால் அனுபவமுள்ள மெக்கானிக் மாற்றி விடுவார். சோதிப்பதும் சுலபம். நான்காம் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போய்விட்டது என்று அர்த்தம்.

ஆனால் நம் ஊரில் விற்பனைக்கு வரும் ஸ்போர்ட்ஸ் கார்களில் இரட்டைக் கிளட்ச் தானியங்கிப் பெட்டிகள் அதிகம். போர்ஷே அதை பி.டி.கே. என்கிறது. 911-ல் அது 2008-ல் வந்தது. ஒரு கிளட்ச் ஒற்றைப்படைக் கியரைப் பிடிக்கும், மற்றது இரட்டைப்படைக் கியரைப் பிடிக்கும். மனிதன் கையை எடுத்து வைப்பதற்குள் அது கியரை மாற்றி விடும். அண்ணா சாலை நெரிசலில் இடது காலுக்கு ஓய்வும் கிடைக்கும். முழங்கால் வலிக்காரருக்கு நான் எதிர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஒரே நிபந்தனை. சர்வீஸ் காகிதம் இல்லாத தானியங்கிக் காரைத் தொடாதீர்கள்! ஆடி, வோல்க்ஸ்வாகன் கார்களில் எண்ணெயில் நனையும் இரட்டைக் கிளட்ச் பெட்டிக்குப் பல மாடல்களில் 60,000 கிலோ மீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் மாற்ற வேண்டும். மாற்றினார்களா என்று பில்லைக் கேளுங்கள். நெரிசலில் ஊர்ந்து ஓட்டிப் பாருங்கள். கிளம்பும்போது கார் நடுங்கினால், வந்த வழியே திரும்பி விடுங்கள்.

1997 முதல் 2005 வரை செய்த சில போர்ஷே 911, பாக்ஸ்டர் கார்களில் இன்னொரு விஷயம் உண்டு. எஞ்சினுக்குள் ஒரு நடுத் தண்டு இருக்கிறது. அதன் பேரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும். கியர் பெட்டியைக் கழற்றினால்தான் அந்த இடத்துக்குக் கை போகும். கிளட்ச் மாற்றியபோது அந்தப் பேரிங்கையும் மாற்றியிருந்தால், அந்தக் காருக்குக் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம்.

மூன்று வகை ஆப்ஷன்

பிறகு பொருத்த முடியாதது ஒரு வகை. இதற்குப் பணம் கொடுங்கள். வழுக்கும்போது காரைத் தானாக நேராக்கும் இ.எஸ்.பி. முதல் இடம் பெறுகிறது. ஆடி டி.டி. 1998-ல் விற்பனைக்கு வந்தபோது அதில் இது இல்லை. ஜெர்மனியின் வேகச் சாலைகளில் விபத்துகள் நடந்தன. உயிர்கள் போயின. அதன் பிறகு கம்பெனி கார்களைத் திரும்ப அழைத்தது. பின்னால் ஒரு சிறு இறக்கை வைத்தது, சக்கரத் தொங்கலை மாற்றியது, இ.எஸ்.பி. கொடுத்தது.

அடுத்தது லிமிடெட் ஸ்லிப் டிபரன்ஷியல். ஒரு சக்கரம் சேற்றில் வீணாகச் சுற்றினால், சக்தியை மற்றச் சக்கரத்துக்கும் அனுப்புவது. பின் சக்கரக் காரில் இது இருந்தால் விடாதீர்கள்.

எப்போது வேண்டுமானாலும் வாங்கிப் பொருத்தக் கூடியது இரண்டாம் வகை. பாட்டுப் பெட்டி, சீட் உறை, பளபளக்கும் மிதியடி. இதற்கு ஒரு ரூபாய் கூட அதிகம் தராதீர்கள்.

பழைய காரில் இருப்பதே தலைவலி என்பது மூன்றாம் வகை. மின்சாரத்தில் மடியும் இரும்புக் கூரை, கண்ணாடிக் கூரை, ஒட்டிப் பிடித்தாற்போல் மெல்லிய டயர் போட்ட பெரிய சக்கரம். நம் ஊர்க் குழியில் ஒரு முறை இறங்கினால் சக்கரம் நெளியும். கண்ணாடிக் கூரையில் தண்ணீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டால், ஐப்பசி மழை உங்கள் மடியில் பெய்யும். மஞ்சள் பூச்சுப் பூசிய செராமிக் பிரேக் பந்தயத்துக்கு நல்லது. மாற்ற வேண்டி வந்தால் அந்தப் பணத்தில் ஒரு சின்னக் காரே வாங்கலாம்!

முந்தைய சொந்தக்காரர் காரைத் தாழ்த்தியோ, எஞ்சினில் கைவைத்தோ இருந்தால் அதுவும் வேண்டாம். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. தண்டனை உங்களுக்குத்தான் வரும்.

நான்கு எண்கள்

2013 நவம்பர் 30. அமெரிக்காவில் கலிபோர்னியா. சினிமா நடிகர் பால் வாக்கர் ஒரு போர்ஷே கரேரா ஜி.டி. காரில் போனார். ஓட்டியவர் அவருடைய நண்பர். 600 குதிரை சக்திக்கு மேல் உள்ள அந்தக் காரில் இ.எஸ்.பி. கிடையாது. கார் மோதித் தீப்பிடித்தது. இருவரும் இறந்தார்கள். மிதமிஞ்சிய வேகமே காரணம் என்று போலீசார் சொன்னார்கள். டயர்களுக்கு வயது ஒன்பது என்றும் சொன்னார்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் அதிகம் ஓடாமல் நிற்கும். டயரில் கோடுகள் புதிது போல் இருக்கும். ரப்பர் மட்டும் கிழமாகி இறுகிப் போயிருக்கும். டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் அச்சாகி இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. எண் படிக்கத் தெரிந்த எவரும் பார்க்கலாம். கடைக்காரரைக் கேட்க வேண்டியதே இல்லை.

சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் ஏராளம். துடைத்து மெருகு போட்ட கார் எங்கே வேண்டுமானாலும் விற்பனைக்கு வரலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் கார் நீச்சல் அடித்திருக்கிறது!

வீட்டில் நான்கு பேர் இருந்தால் அதையும் யோசியுங்கள். எம்.எக்ஸ்.-5, இசட்-4 எல்லாம் இரண்டு சீட். 911-ல் பின்னால் குழந்தைகள் உட்காரும் அளவு இடம் உண்டு. மாமியார் உட்கார முடியாது.

பணத்தை எல்லாம் காருக்கே கொட்டி விடாதீர்கள். விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். முதல் வருடத்திலேயே டயர், பிரேக், எண்ணெய் என்று அது கரையும். அந்தப் பங்கு இல்லை என்றால் இன்னும் ஒரு வருடம் பொறுங்கள்.

பார்க்கப் போகும் நாளில் காலையிலேயே போங்கள். வருவதாக முன்கூட்டிச் சொல்லி, காரைக் கிளப்பாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் எஞ்சின் மூடிமேல் கையை வையுங்கள். குளிர்ந்து இருந்தால், நீங்களே சாவி போட்டுக் கிளப்பி, முதல் சத்தத்தையும் பின்னால் வரும் புகையையும் கவனியுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்னால் யாரோ, ஏதோ காரணத்துக்காக அதைக் கிளப்பி வைத்திருக்கிறார்கள். என்ன காரணம் என்று கேளுங்கள்.