வானத்து விருந்தாளிகள்



மீன் அங்காடிக்கு மேலும் இறைச்சிக் கடைக்கு மேலும் நாள்தோறும் வட்டமிடும் பருந்தை நாம் அனைவரும் அறிவோம். வாலின் நுனி பிளவுபட்ட அந்தக் கரும்பருந்து நம் ஊர்வாசி. ஆனால் ஐப்பசி பிறந்ததும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து வானில் வேறு சில வேட்டைப் பறவைகளும் தென்படும். அவை தொலைதூரத்திலிருந்து வரும் விருந்தாளிகள்.

அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடைப்பட்ட ஒரு மாலையில், அஸர் தொழுகைக்குப் பின், பிள்ளைகளைச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கோரைப் புற்களுக்குச் சற்று மேலே, இறக்கைகளை மேல்நோக்கி ஏந்தியபடி, தாழப் பறந்து இரை தேடும் ஒரு பறவை கண்ணில் படக்கூடும். அதுதான் சேற்றுப் பூனைப்பருந்து. பெண் பறவைக்குக் கரும்பழுப்பு உடல், வெளிர்மஞ்சள் தலை. வடக்கே நாணற்காடுகள் பனியில் உறைவதற்கு முன்பே அது தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிடுகிறது.

மீனையே நம்பி வாழும் விராலடிப்பானும் இப்பருவத்தில் நம் பெரிய ஏரிகளுக்கு வருவதுண்டு. வழுக்கும் மீன் நழுவாதிருக்க அதன் பாதங்களில் முட்கள் போன்ற சொரசொரப்பு உண்டு. வெளிவிரலைப் பின்னுக்குத் திருப்பி மீனை இறுகப் பற்றவும் அதற்கு இயலும். அதன் இளம்பறவை தாய் தந்தையின் துணையின்றியே தன் முதல் நெடும்பயணத்தைச் செய்கிறது. அதற்கு வழி கற்பித்தவன் யார் என்று ஒரு கணம் சிந்தியுங்கள்!

இவற்றினும் வியப்புக்குரியது அமுர் வல்லூறு. அதன் எடை ஏறத்தாழ 150 கிராம்தான். தென்கிழக்குச் சைபீரியாவிலும் வடசீனத்திலும் குஞ்சு பொரித்து, அக்டோபரில் நாகாலாந்தில் கூட்டம் கூட்டமாக இறங்கி, ஈசலைத் தின்று உடல் தேற்றிக்கொள்கிறது. பின்னர் இந்தியாவைக் கடந்து, அரபிக்கடலின் மேல் இரவு பகலாகப் பறந்து, ஆப்பிரிக்காவின் தென்பகுதியை அடைகிறது. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் செல்லும் நம் வீட்டுப் பிள்ளைகள் விமானத்தில் கடக்கும் அதே கடல்தான்! நடுவில் இறங்கி இளைப்பாற ஓரிடமும் இல்லை. ஆகவே, வழியில் உண்டு தேறும் இடமே அதற்கு உயிர்நாடி.

அவ்விடமே ஒரு காலத்தில் கொலைக்களமாக இருந்தது. நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்தில், தொயாங் நீர்த்தேக்கத்தை அடுத்த பங்தி கிராமத்தில், 2012ஆம் ஆண்டு பல்லாயிரக்கணக்கான வல்லூறுகள் வலையில் சிக்கி விற்பனைக்குச் சென்றன. அச்செய்தி வெளியானதும் நாடெங்கும் கண்டனம் எழுந்தது. பங்தி மக்கள் செல்வந்தர்கள் அல்லர். நீர்த்தேக்கத்தில் விளைநிலம் இழந்தவர்களும் அவர்களுள் உண்டு. ஆயினும் ஊர் கூடி, இனிப் பிடிப்பதில்லை என்று முடிவெடுத்தனர். மறு ஆண்டே வலைகள் மறைந்தன. 2013 நவம்பரில், செயற்கைக்கோள் வழியே பயணத்தை அறிய மூன்று பறவைகளுக்குக் கருவி பொருத்தப்பட்டது. அவற்றுள் ஒன்றுக்குப் 'பங்தி' என்றே பெயர் சூட்டினர். பறவையைக் கொன்ற ஊர் என்று பெயரெடுத்த அவ்வூரின் பெயரைத் தாங்கி ஒரு பறவை கடல் கடந்து பறந்தது!

நாம் வலை விரிப்பதில்லைதான். ஆனால் ஏரிக்கரையில் குப்பையைக் கொட்டுவதும், நீர்நிலையில் கழிவுநீரைக் கலப்பதும், கோரை வளரும் ஓரங்களை மண்ணிட்டு நிரப்புவதும் அந்த விருந்தாளியின் முன்னிருந்து உணவுத் தட்டைப் பறிப்பதற்கு ஒப்பாகும். மாஞ்சா நூலோ வலையைவிடக் கொடியது. செயற்கை இழை மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுவதும் தடை செய்தது. சிறகை அறுக்கும் அந்நூல், தெருவில் செல்வோர் கழுத்தையும் அறுத்து உயிர் பறித்திருக்கிறது.

தாய்மார்களே, தந்தையரே! உங்கள் பிள்ளை பட்டம் விடக் கேட்டால் பருத்தி நூலை வாங்கிக் கொடுங்கள். மாஞ்சா ஏன் கூடாது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். வீட்டுக் குப்பை எங்கே போய்ச் சேருகிறது என்று விசாரியுங்கள். ஓர் ஏழைக் கிராமம் ஓராண்டில் செய்து காட்டியதை நம் மஹல்லாக்களும் செய்ய முடியும். இந்த ஐப்பசியிலேயே தொடங்குவோமாக!