ஏட்டு உணவும் வீட்டு உணவும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியை மாணாக்கருக்குப் பலகாற் கற்பித்திருக்கிறேன். அஃது என் வகுப்பறையை நோக்கியே சொல்லப்பட்டதோ என ஐயுறும்படியான நிகழ்ச்சி ஒன்று 2022 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நேர்ந்தது.

அவ்வாண்டு நாடு பட்ட பாட்டை எவரும் மறந்திரார். செப்ரெம்பர் மாதத்திலே, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டிற்று. முந்திய ஆண்டில் நூறு ரூபாவுக்கு வாங்கிய பண்டத்துக்கு ஏறக்குறைய இருநூறு ரூபா கொடுக்க நேர்ந்தது. அந்நாளில் ஏழாந் தரத்து மாணாக்கரை 'இன்று காலை நான் உண்டது' என்னும் பொருள்பற்றி ஒரு பந்தி எழுதுமாறு பணித்தேன். சுகாதாரப் பாடத்திற் கற்றதைத் தமிழில் எழுதிப் பழகட்டும் என்பதே என் கருத்து. கொப்பிகள் வந்தன. ஏறத்தாழ எல்லாவற்றிலும் முட்டை, பால், வாழைப்பழம் என ஒரே ஒழுங்கு. அது வகுப்பறைச் சுவரில் தொங்கிய படத்தின் ஒழுங்கு. ஒரு சிறுமி மட்டும் 'வெறுந்தேநீர்' என்று எழுதி, அதன்மேற் கோடிழுத்துப் 'பால்' என்று திருத்தியிருந்தாள். நான் செய்தது யாது? அவள் வேறோரிடத்தில் விட்ட ரகர றகரப் பிழையைத் திருத்திப் புள்ளியிட்டேன். அக்கோட்டின் பொருள் எனக்கு விளங்கியது, அன்றிரவு கொப்பிகளை அடுக்கி வைத்த பொழுதிலேதான்.

பிள்ளைகளின் உணவைப்பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அறிவின்மையையே நோயின் மூலமாகக் கூறுவர். கற்பித்துவிட்டால் பிள்ளை நல்லதை உண்ணும் என்பது அவர் துணிபு. கற்பித்தாயிற்று, பிள்ளைகள் அறிந்துமிருக்கிறார்கள். அறிந்தமையாலன்றோ அச்சிறுமி கோடிழுத்தாள்! கையிலில்லாத உணவைச் சிறந்ததென்று நாள்தோறும் கேட்கும் பிள்ளை, ஈற்றிற் கற்றுக்கொள்வது நாணத்தை. முதலிற் பிள்ளைக்கு உணவு வேண்டும். பாடசாலை உணவுத் திட்டம் 2024 இல் ஆரம்பப் பிரிவு மாணாக்கர் அனைவர்க்குமாக விரிக்கப்பட்டது, அது போற்றற்குரியது. ஆனால் ஐந்தாந் தரத்தோடு பசி நின்றுவிடுவதில்லை.

இனி, அறிவு என்று நாம் கொடுப்பதுதானும் எத்தகையது? மென்பானப் போத்தல்களிற் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி 2016 இல் இந்நாட்டிற் சட்டமாயிற்று. 2019 இல் ஏனைய பொதி உணவுகளுக்கும் அது விரிந்தது. 100 மில்லிலீற்றரிற் சீனி 11 கிராமுக்கு மேற்படின் சிவப்பு, 2 கிராமுக்குக் குறையின் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். நல்ல ஏற்பாடு, எட்டு வயதுப் பிள்ளையும் நிறத்தைச் சொல்லிவிடும். ஆயின் சிவப்பைத் தவிர்த்தேன் என மகிழ்ந்து, 11 கிராம் எல்லையில் நிற்கும் செம்மஞ்சட் போத்தலை வாங்கும் பிள்ளையின் நிலை என்ன? அரை லீற்றர்ப் போத்தலில் 55 கிராம் சீனி அடங்கும். தேக்கரண்டியால் அளந்தால் பதின்மூன்று, பதினான்கு வரும். உணவிற் சேர்க்கும் சீனி நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்கு உட்படின் மேலும் நன்று என உலக சுகாதார நிறுவனம் 2015 இற் கூறியது. ஆக, இரண்டு நாட்குரிய சீனி ஓர் இடைவேளையில் உள்ளே போகிறது! இக்கணக்கைக் கணித ஆசிரியர் கரும்பலகையிற் செய்து காட்டினால், நிறத்தைப்பற்றிய நூறு சுவரொட்டிகள் செய்யாததை அது செய்யும்.

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் ஆறு குறள்களை உண்ணும் முறைக்கே ஒதுக்கினார். மருத்துவன் தலைகாட்டுவது இறுதி மூன்றிலேதான். இதனைப் பரீட்சைக்காக மனனஞ் செய்விக்கும் நாம், அவ்வதிகாரம் உணவைப்பற்றியது என்பதை எத்தனை வகுப்பிற் சொல்லியிருக்கிறோம்? தொல்காப்பியர் உணவை அவ்வந் நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தார். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணுக்கும் வன்னிக்கும் உரிய உணவு எது என்று கேட்டால், மேல்வகுப்பு மாணாக்கனும் திகைக்கிறான். குரக்கன் பிட்டும் ஒடியற்கூழும் முசுட்டையிலை வறையும் அவன் வீட்டில் இல்லாதவை அல்ல. வெளியிற் சொல்லக் கூசப்படுபவை. குரக்கன் பிட்டுக் கொண்டுவரும் பிள்ளை பெட்டியின் மூடியைப் பாதி திறந்தபடியே உண்பதைக் கண்டிருக்கிறேன். பணிஸ் கொண்டுவரும் பிள்ளை மேசைமேல் வைத்து உண்கிறது.

இக்கூச்சத்துக்கும் வரலாறு உண்டு. 1942 இற் பர்மா யப்பானியர் கைப்பட, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டுக் காலத்திற் கோதுமை மா வீடுதோறும் புகுந்தது. இடருக்கு வந்த விருந்தாளி போகவில்லை. காலப்போக்கிற் பாண் நாகரிகமாயிற்று, குரக்கன் வறுமையின் அடையாளமாயிற்று. 2022 இல் மாவின் விலை ஏறியபோது பழைய தானியங்களை நினைத்தோம். விலை சற்றுத் தணிந்ததும் மறந்தோம்.

நம் அடுக்களை வழக்குகளிற் சிலவற்றுக்குக் காரணமும் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். கீரையைக் கடைந்து இறக்கியபின் தேசிப்புளி விடும் வழக்கத்தை எடுத்துக்கொள்க. கீரையிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்காது. தேசிக்காயிலுள்ள உயிர்ச்சத்து சீ அதனை ஏற்கச் செய்யும். வெப்பம் அவ்வுயிர்ச்சத்தைக் கெடுக்குமாதலின், இறக்கியபின் விடுதலே தக்கது. மாறாக, உணவோடு அருந்தும் தேநீரின் துவர்ப்பு அவ்விரும்பைத் தடுத்து நிறுத்தும். எனவே தேநீரை உணவுக்குச் சற்றுப் பின்தள்ளுக என்பது காசு செலவில்லாத ஓர் அறிவுரை. வேலியில் முருங்கை நிற்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது போதனையாகாது. கையில் உள்ளதன் மதிப்பை அறிதல். பழையன யாவும் நல்லன என்று நான் சொல்ல வரவில்லை. உப்பு மிகுந்த ஊறுகாயும் கருவாடும் பழையனவே.

சிற்றுண்டிச்சாலையின் செய்தி வேறு. அங்கு விற்கத் தகாதன எவை எனச் சுற்றறிக்கைகள் உள. அவை அலுவலகக் கோப்பில் ஒழுங்காக இருக்கின்றன. சிற்றுண்டிச்சாலை பலவிடங்களிற் கேள்விப்பத்திரம் கோரி, கூடிய வாடகை தருபவருக்கே கொடுக்கப்படுகிறது. கூடிய வாடகை தந்தவர் விரைவில் விற்பதையே விற்பார். அவரை நோவதிற் பயனில்லை. காலையிற் பாடசாலை 'எண்ணெய்ப் பண்டம் தவிர்' என்று படிப்பிக்க, பத்தரை மணிக்கு அதே பாடசாலை ரோல்ஸ் விற்று வாடகை பெறுகிறது. பிள்ளைகள் மூடர் அல்லர். இரண்டில் எது உண்மையான பாடம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எம் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், இலைக்கஞ்சியும் அவித்த கடலையும் குறித்த விலைக்கு நாள்தோறும் விற்றல்வேண்டும் என்னும் நிபந்தனையை அடுத்த ஆண்டுக் கேள்விப்பத்திரத்திற் சேர்க்குமாறு கேட்டேன். ஒருவரும் மறுக்கவில்லை. அப்படியாயின் வாடகை குறையுமே, விளையாட்டுப் போட்டிச் செலவுக்கு என்செய்வது என்று பொருளாளர் கேட்டார். நேர்மையான கேள்விதான். விடை எவரிடமும் இருக்கவில்லை. தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.